கற்பூரம் வேண்டாம்

"கற்பூரம் வேணாம் ஐயா. சத்தியமும் வேணாம்" என்றார் மாயாண்டி.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

எங்கள் ஊரிலிருந்து பிரதேச சபைக்கு வென்றவர் மாயாண்டி. நான் சமாதான நீதவான். என் முன்னால் பதவியேற்றுக் கையெழுத்து வைத்தால்தான் நாளைக்கு முதல் கூட்டத்தில் அவருக்குக் கதிரை.

படிவத்தில் 'சத்தியம் செய்கிறேன்', 'உறுதி செய்கிறேன்' என்று இரண்டும் இருக்கும். ஒன்றை வெட்டிவிட வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் சத்தியம்தான். அதுவும் குளக்கட்டுப் பிள்ளையாருக்கு முன்னால், எரிகிற கற்பூரத்தில் அடித்து. அந்த வழக்கத்தைத் தொடக்கிவைத்தவன் நான். கோயில் தலைவரும் நான்தான்.

ஆட்டோக்கார ஜெயந்தன் என் வீட்டு முன்னறையில், முகநூலில் நேரலை போடப் போனைத் தூக்கிக்கொண்டு நின்றான். மாயாண்டியின் தேர்தல் வேலை முழுவதும் அவன்தான் செய்தது.

"அண்ணை, விளையாடுறியளோ? சனம் கோயிலடியில நிக்குது. பத்துக் கட்டு வெடி வாங்கி வச்சிருக்கிறன்."

"வெடியைக் கொளுத்து தம்பி. கற்பூரந்தான் வேணாம்."

"ஒருத்தருக்கும் சொல்லாமல் சேர்ச்சுக்குப் போய் வேதத்துக்கு மாறிட்டியளோ?"

"நெத்தியைப் பாரு. இவ்வளவு திருநீறோட யாராவது மாறுவாங்களா?"

அதுவும் சரிதான். போன பங்குனியில் தூக்குக்காவடி எடுத்த மனிதர்.

"சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடப் பயமெண்டால், சபைக்கு ஏதோ கள்ள யோசினையோடதான் போறார்." குசினிக்குள் இருந்து என் மனைவி அருந்ததி சொன்னாள். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

"மாயாண்டி, நீர் என்ன கதைக்கிறீர் எண்டு விளங்குதோ?" என்றேன்.

"ஐயா, இனி ஆளை 'நீர்' எண்டு கூப்பிடேலாது. உறுப்பினர்!" என்றான் ஜெயந்தன்.

"முதல்ல பதவி ஏற்கட்டும். பிறகு பாப்பம். கடவுளுக்கு முன்னால நிக்க ஏலாத ஆளுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அப்படி மறுக்க எனக்கு உரிமை இல்லை. அது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மாயாண்டி ஜெயந்தன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ போய்ச் சனத்துக்குச் சோடா குடு. ஐயாவோட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாறன்."

ஜெயந்தன் முணுமுணுத்துக்கொண்டு போனான். நான் 'இரும்' என்று சொல்லவில்லை. மாயாண்டி நின்றபடியே சொன்னார்.

"அந்தப் பிள்ளையார் முன்னுக்கு ஒருக்காப் பொய்ச்சத்தியம் பண்ணிட்டேன் ஐயா."

எனக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது. ஆள் பிடிபட்டுவிட்டார் என்ற சந்தோசம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"எப்ப?"

"ஏழு வருசம் முந்தி. சிறுபோகத்துல குளம் வத்தின நேரம். முறை வச்சுத் தண்ணி விட்டமே."

பேனையின் மூடியைக் கழற்றினேன். மறுபடி போட்டேன்.

அந்த வருடம் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை மாயாண்டிக்கு. ஒரு மத்தியானம், ஊரே கோயில் அன்னதானத்தில் இருந்தபோது, யாரோ முறை தவறிக் குளத்துத் துருசின் சக்கரத்தைச் சுற்றித் திறந்து தங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார்கள். வாய்க்காலோர வயல்கள் பலவற்றிலும் தண்ணீர் பரவியிருந்ததால் ஆள் யாரென்று தெரியவில்லை. கமக்காரர் கூட்டத்தில் ஒரே சத்தம். காவலுக்கு நின்ற மாயாண்டியைச் சத்தியம் செய்யச் சொன்னோம். கற்பூரத்தைக் கொளுத்தியவன் நான். அதில் அடித்து, "நான் ஒருத்தரையும் காணல்ல" என்றார். கவனமில்லாத ஆள் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினோம்.

"கண்டேன் ஐயா. பூவரச மரத்துக்குப் பின்னால நின்னு நல்லாக் கண்டேன்."

"பிறகேன் சொல்லேல்லை?" படிவத்தைப் பார்த்தபடி கேட்டேன்.

"அந்த மனுசனுக்குத் திறக்கவே தெரியல்லைங்க. இந்தப் பக்கம் ஒரு சுத்து, அந்தப் பக்கம் ஒரு சுத்து. கை வேற அப்பிடி நடுங்குது. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலல்ல." இப்போதும் சிரித்தார். "களவு பழகின கை இல்லை ஐயா. பயிர் கருகுறதைப் பாத்துட்டு ஒரு நாள் புத்தி தடுமாறிடுச்சு. ஊருக்கு முன்னால ஒருக்காத் தலை குனிஞ்சா, அவர் பிறகு நிமிரவே மாட்டார். எனக்கென்ன, இன்னொரு வேலை தேடிக்கலாம்."

"பிள்ளையார்?"

"அவர் கோவிக்கல்ல. கோவிச்சிருந்தா எலெக்சன்ல வெல்ல விட்டிருப்பாரா? ஆனா திரும்பவும் அதே கற்பூரத்துல கையை வச்சு, 'இந்தத் தடவை மெய்தான் சாமி' எண்டா அவருக்கே சிரிப்பு வந்துடும். உறுதின்னு போடுங்க. அதை நான் காப்பாத்துறேன்."

நான் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இருங்கோ" என்றேன்.

தேத்தண்ணியோடு வந்த அருந்ததி வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள்.

படிவத்தில் 'சத்தியம்' என்ற சொல்லின் மேல் பேனையை வைத்தேன். கை நடுங்கியது. கோடு கோணலாகப் போனது.

மாயாண்டி குனிந்து, தாளின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா ஐயா. அவசரமில்லை."

பொறுக்கமாட்டாமல் கோயிலடியில் ஜெயந்தன் வெடியைக் கொளுத்திவிட்டான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்தத் துருசைச் சுற்றியதும் இதே கைதான்.