மூன்றாவது தரம்

"செத்தது ஒரே ஆளுதான். ஆனா அந்தச் சாவுக்குச் சட்டத்துல மூணு பேரு இருக்குதுங்க" என்றார் வக்கீல் சத்யபிரியா.

எதிரே கோழிப்பண்ணை முதலாளி அப்புசாமி. பக்கத்தில் அவருடைய முட்டை வேன் டிரைவர் மாதேஸ்வரன். முந்தின நாள் பொழுது சாயும் நேரம், நாமகிரிப்பேட்டை ரோட்டில், சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த ரங்கனைக் காரால் அடித்துப் போட்டுவிட்டு ஓடியிருந்தான் அப்புசாமியின் மகன் இனியன். ரங்கன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார்.

"வேணும்னே கொன்னா கொலை. தூக்கு, இல்லீன்னா ஆயுள். சாவு வரும்னு தெரிஞ்சே செஞ்சா அதுக்கு அடுத்தது. பத்து வருசம் வரைக்கும் போகும். உங்க பையன் குடிச்சுட்டு ஓட்டியிருக்கறான், அதுல போட்டாலும் போடுவாங்க. கடைசி, கவனக்குறைவு. அஞ்சு வருசத்துக்கு மேல போகாது. ஸ்டேஷன்லயே ஜாமீன்."

"முட்டையைத் தரம் பிரிக்கற மாதிரியில்ல இருக்குது!" என்றார் அப்புசாமி.

"செத்தவனுக்கு மூணும் ஒண்ணுதானுங்களே?" என்று கேட்டான் மாதேஸ்வரன்.

"அவனுக்கு ஒண்ணுதான். தரம் பிரிச்சது கொன்னவனுக்கு" என்றார் வக்கீல்.

குடிக்காத டிரைவர் ஓட்டியதாகச் சொன்னால் வழக்கு மூன்றாவது தரத்தில் நின்றுவிடும். முதலாளி வீட்டுக் கேஸை டிரைவர் ஏற்றுக்கொள்வது அந்தப் பண்ணைக்குப் புதிதல்ல. ஒவ்வொரு முறையும் காலில் விழாத குறையாகக் கெஞ்ச வேண்டியிருக்கும். மாதேஸ்வரனோ கேட்டவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்திருந்தான்.

அவன் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து அணைத்தான்.

"ஜலகண்டாபுரத்துத் தங்கச்சியா? மறுபடியும் புருசன் அடிச்சுப்போட்டானா?" என்றார் அப்புசாமி.

"அதெல்லாம் ஓய்ஞ்சுருச்சுங்க."

"நேத்து உங்களுக்கு லீவு. பொழுது சாயறப்ப எங்க இருந்தீங்க?" என்றார் வக்கீல்.

"தனியாத்தான் சுத்திட்டு இருந்தேனுங்க."

"யாராச்சும் பார்த்திருந்தா நம்ம கதை உடைஞ்சிரும்."

"ஒருத்தரும் பாக்கலீங்க."

"போனு?"

"பண்ணையிலயே வச்சுட்டுப் போயிட்டேனுங்க."

"நல்லதாப் போச்சு."

அப்புசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, எம் பையனைக் காப்பாத்திட்டே. ஊட்டு மனை ஒண்ணு உம் பேருக்கு எழுதித் தாரேன்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. எஃப்.ஐ.ஆர்ல எடமும் நேரமும் மட்டும் சரியா எழுதச் சொல்லுங்க."

"இந்தக் காலத்துல இப்பிடியும் ஒருத்தனா!" அப்புசாமி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

மதியத்துக்குள் ஸ்டேஷனில் எல்லாம் முடிந்தது. காரை ஓட்டியது மாதேஸ்வரன் என்று பதிவானது. இடமும் நேரமும் அவன் கேட்டபடியே இருந்தன. ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

ஜாமீனில் வெளியே வந்து டீ சொல்லும்போது மறுபடியும் போன். தங்கை வசந்தாமணி.

"அண்ணா, போலீசு வந்திருக்குது. எம் புருசனை நேத்துப் பொழுது சாயறப்ப தறிக்கூடத்துல வெட்டிக் கொன்னது நீதான்னு அவன் ஊட்டு ஆளுக எழுதிக் குடுத்துட்டாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "நீ வந்துட்டுப் போனதை நான் யாருகிட்டயும் மூச்சு விடலை."

மாதேஸ்வரன் டீயை ஊதி ஒரு வாய் குடித்தான்.

"அம்மிணி, நான் எங்க அவ்வளவு தூரம் வந்தேன்? அந்நேரம் நாமகிரிப்பேட்டை ரோட்டுல காரை ஓட்டி ஒருத்தனைக் கொன்னுட்டு இருந்தேன். எஃப்.ஐ.ஆர்லயே இருக்குதுன்னு சொல்லு."