செவர்லேயின் மறுபக்கம்

கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸின் மாலை வெயில் பழைய செவர்லேயின் செந்நிற முதுகில் வழுக்குகிறது. பக்கவாதத்தில் பேச்சை இழந்த ரொசாலியோ, சக்கர நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு திருகாணிகூடப் புதிதாக ஏறாமல் அவர் காத்துவந்த வண்டி அது. பின்சக்கரத்தை மறைக்கும் ஃபைபர் தகடு ஒன்றை வண்டியின் பக்கவாட்டில் வைத்துப் பிடித்தபடி, தம்பி எலிசியோ மண்டியிட்டிருக்கிறான். “ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலத்துல எல்லார் கண்ணும் உன் வண்டி மேலதாண்ணே!” ‘வேண்டாம்’ என்ற சொல் ரொசாலியோவின் தொண்டையைத் தாண்டும்போது வெறும் முனகலாகிவிடுகிறது. “அண்ணனுக்கு அவசரத்தைப் பாருங்க அண்ணி!” எலிசியோ சிரித்துக்கொண்டே ட்ரில்லை அழுத்துகிறான். தகரம் கிறீச்சிடுகிறது. ரொசாலியோ தன் கையாலேயே பூசி மெருகேற்றிய சிவப்பு, பொடிப்பொடியாகத் தரையில் உதிர்கிறது. அவருடைய இடது கை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றுகிறது.

மனைவி ஒபெலியா அந்தக் கையைப் பார்க்கிறாள், பிறகு முகத்தை. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. “தம்பி...” என்று வாயெடுக்கிறாள். தினமும் காலையில் வந்து அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவன், நெற்றி வியர்வையோடு ஆசையாய் நிமிர்கிறான். “எப்படி இருக்கு அண்ணி?”

“அழகா இருக்குப்பா.”

கணவரின் காதருகே அவள் குனிகிறாள். “ஒரு பக்கம் ஓட்டை போட்டாச்சேங்க.”

எலிசியோ ட்ரில்லோடு மறுபக்கம் போகிறான்.