முழங்கால் பாய்

காஜா பெராங் ஜெபவீட்டின் தகரக் கூரைமேல் மாலை மழை கொட்டுகிறது. சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் ஒன்பதே நாள். சன்னல் கம்பியில் கட்டிய காகிதக் கொடிகள் நனைந்து, சிவப்புச் சாயம் சுவரில் வழிகிறது. "நாடே புதுசாகப் போகுது, நீங்க எப்போ?" என்று எழுப்புதல் கூட்டத்துக்கு ஈப்போவிலிருந்து வந்திருக்கும் போதகர் கேட்டதும், முதல் ஆளாக முன்னே வந்து பாயில் முழங்காலிட்டவர் உபதேசியார் ஞானசிகாமணிதான். மற்றவர்கள் முழங்காலிட இருபது வருடமாக அவரே விரித்துப்போடும் மெங்குவாங் ஓலைப் பாய் அது. பிப்ரவரியில் மனைவி இறந்துபோனதிலிருந்து அவருடைய ஜெபம் உதட்டோடு நின்றுவிடுகிறது. இன்று அந்தப் பாயில் நெற்றியைப் பதித்துக் காத்திருக்கிறார். மழைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பழைய ஓலை வாடை மூக்கில் ஏறுகிறது. அடக்கிப் பார்த்த இருமலில் தோள்கள் குலுங்குகின்றன. "ஆவியானவரு ஐயாவத் தொட்டுட்டாரு!" என்று பின்வரிசையில் ரூபவதியம்மா விம்முகிறாள். சபை முழுவதும் கைதட்டுகிறது. போதகர் குனிந்து அவர் தோளைப் பற்றுகிறார். "சொல்லுங்க உபதேசியாரே, ஆண்டவர் பேசினாரா?" கைதட்டல் நிற்கிறது. ஞானசிகாமணி நிமிர்ந்து திரும்பிப் பார்க்கிறார். ரூபவதியம்மாவின் கண்கள் நிறைந்திருக்கின்றன. அவளை இந்தப் பாய்க்கு முதன்முதலில் அழைத்து வந்தவரே அவர்தான். "பேசினாரு" என்கிறார். மழையை மீறி அல்லேலூயா எழுகிறது. அவர் அவசர அவசரமாக மறுபடி குனிந்து பாயில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார், இப்போதாவது பேசிவிட மாட்டாரா என்று.