யாருக்கு முதலில்?

"அந்த விஷயத்தைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே ஆனி. ரெண்டு சம்பந்தம் அதாலதான் போச்சு."

மகளின் சேலை மடிப்பைச் சரிசெய்தபடி கிசுகிசுத்தாள் லூசியம்மாள்.

"நானாம்மா சொன்னேன்? சர்ச் அன்பியக் கூட்டத்துல, 'என் பொண்ணுக்காக செபம் பண்ணுங்க'ன்னு நீதானே எல்லாத்தையும் கொட்டினே!"

உண்மைதான். அன்றைய செபம் முடிவதற்குள் செய்தி நெய்வேலியின் பாதி பிளாக்குகளைச் சுற்றி வந்துவிட்டது.

ஆனி ராணுவ மருத்துவமனையில் நர்ஸ். விடுமுறையில் வந்திருந்தாள். குறிஞ்சிப்பாடி மாப்பிள்ளை சைமன்ராஜும் ராணுவம்தான். குவார்ட்டர்ஸின் சின்ன ஹாலில் தலைகுனிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா செசிலிதான் பேசினாள்.

"காதுல விழுந்ததைக் கேட்டுடறேன்மா. சண்டை நேரத்துல நம்ம சிப்பாய் அடிபட்டுக் கெடக்க, பிடிபட்ட எதிரிக்கு மொதல்ல வைத்தியம் பார்க்கச் சொன்னியாமே?"

"இன்னும் கொஞ்சம் காப்பி..." என்று குறுக்கே விழுந்தாள் லூசியம்மாள்.

"ஆமாம் ஆன்ட்டி," என்றாள் ஆனி. "டாக்டர் ஒருத்தர்தான். யாரை முதல்ல உள்ளே அனுப்பணும்னு நான் சொல்லணும். கைதிக்கு வயித்துல குண்டு. நம்மவருக்குத் தோள்ல. கட்டுப் போட்டுட்டுக் காத்திருக்கச் சொன்னேன். பிடிபட்டப்புறம் அவனும் நோயாளிதான். காயம் பெருசுன்னா அவன்தான் முதல்ல. எங்க சட்டம் அது."

"சட்டமாம்! நானும் ஒருத்தனைப் பட்டாளத்துக்கு அனுப்பிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிகினு இருக்கறவதான். அந்தப் பையனைப் பெத்தவளுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்னு அவர்தான் கேட்டுக்கிட்டார்."

"ஐயோ பாவம், அவ!"

ஆனியின் அப்பா செல்வநாதன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மூன்றாவதும் போயிற்று என்று லூசியம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

செசிலி எழுந்தாள். "கெளம்புடா சைமன். வலியில துடிச்சிகினு அந்தப் புள்ள இவளை எப்படியெல்லாம் திட்டினானோ!"

சைமன்ராஜ் எழவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"அன்னிக்குத் திட்டினான்தாம்மா. இன்னிக்கு அவனே பொண்ணு பார்க்க உன்னைக் கூட்டிகினு வந்திருக்கான்."