காலையில் செய்த பழைய பாட்டு

கும்பகோணம் அறுபதுகள் திரையிசை ரசிகர் மன்றத்தில் ஞாயிறுதோறும் ஒரு பழைய பாட்டு வெளியாகும். மறைந்த பாடகர்களின் குரலில் கணினி அதை, மெட்டும் வரிகளும் உட்பட, அன்று காலையில்தான் புதிதாகச் செய்திருக்கும். திரையில் தேதியும் போட்டிருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அன்று பாட்டு முடிந்ததும் சந்தானம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க அண்ணன் கல்யாணத்துல இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டாங்க."

ஆயுள் முழுக்க இசைத்தட்டு சேர்த்துவந்த வைத்தியலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "யோவ், இது இன்னிக்குக் காலையில செஞ்சதுய்யா! உங்க அண்ணன் போய்ச் சேர்ந்தே எத்தனை வருஷம் ஆச்சு?"

கூட்டம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. "பாவம், சாருக்கு ஞாபகம் தப்புது" என்றார் மன்றத் தலைவர்.

ஆதரவுக்காக வைத்தியலிங்கம் தன் மனைவி கோமளவல்லியைப் பார்த்தார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பார்க்க வந்தப்போ எனக்கு நீங்க பாடிக் காட்டினது இதுதானே? மறந்துட்டீங்களா?"

அன்று அவர் பாடவே இல்லை. பயத்தில் தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை. "ஒரு வார்த்தை பேசினீங்களா அன்னிக்கு?" என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் குத்திக்காட்டாத வருடமில்லை. இப்போது அந்தக் குறையெல்லாம் போய், கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி மறப்பேன்?" என்றார் வைத்தியலிங்கம்.

எல்லோரும் கைதட்டினார்கள். பாட்டை மறுபடி போட்டார்கள். அவரும் கூடவே பாடினார்.

அடுத்த ஞாயிறு, பாட்டு தொடங்குவதற்கு முன்பே, பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் பெருமையாகச் சொன்னார்:

"இதோட ஒரிஜினல் இசைத்தட்டு எங்கிட்ட இருக்கு."