மூடிய கையில் ஒரு நெல்

மரகதவல்லியின் கிளிக்குச் சீட்டு இருபத்தேழு, எல்லாம் சாமி படம். அடுத்த மேசையில் டாரட் சீட்டில் குறி பார்க்கும் ஷெர்லினிடம் எழுபத்தெட்டு. அதில் ஒன்று சாவுச் சீட்டு; எலும்புக்கூடு குதிரையேறி வரும். "சாவைச் சீட்டுக்கட்டுல வச்சுக்கிட்டு என்னடி ஜோசியம்?" என்பாள் மரகதவல்லி. ஷெர்லினுக்கு மறுநாள் ஆபரேஷன் என்றிருக்க, அவள் தனக்காக மூன்று முறை எடுத்தும் அந்தச் சாவுச் சீட்டே வந்தது. "உங்க கிளி எடுக்கட்டும்க்கா," என்று கட்டைக் கவிழ்த்து அடுக்கினாள். கிளியும் அதையே உருவிப் போட்டுவிட்டு மரகதவல்லியின் கையைப் பார்த்தது. நெல்மணியைக் காட்டினால் அதுதான் பலன். காட்டாதவரை கிளி அடுத்ததை எடுக்கும். அவள் கையை இறுக மூடிக்கொண்டாள். "அது கிடக்கு. நீ எடு ராசா, இன்னும் எழுபத்தேழு இருக்கு."