பேச்சி டாக்கீஸுக்குக் கண்ணீர் அஞ்சலி

கண்ணைத் துடைத்துக்கொண்டே பேரம் பேசினார்.

"கடைசி நாளுதானே தங்கச்சி. பாதி விலைக்குக் குடேன்."

அவள் முழு விலைக்கே டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அழுகை நிற்கவில்லை.

அழுதவர் எதிர்த்த பாத்திரக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சி. நாளைக் காலை பத்தரைக்கு இந்தத் தியேட்டரை அவர் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் குடம் அடுக்க இடம் போதவில்லையாம். அட்வான்ஸ் கொடுத்தால் வட்டி நஷ்டம், மொத்தமாகவே தருகிறேன் என்றிருந்தார்.

அவளுடைய அப்பா கட்டியது. பதினாறு வருசமாக அவள் ஓட்டுவது.

ஒரு படத்தின் கடைசி நாளில் போஸ்டருக்குக் குறுக்கே 'இன்றே கடைசி' என்று சீட்டு ஒட்டுவார்கள். இந்தத் தடவை அந்தச் சீட்டைத் தியேட்டர் கேட்டிலேயே ஒட்டச் சொல்லியிருந்தாள்.

அதற்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள்.

கண்ணீர் அஞ்சலி. தோற்றம் 1974. மறைவு, இன்றைய தேதி.

முப்பத்திரண்டு முகம். கைகூப்பிய முகம், கறுப்புக் கண்ணாடி போட்ட முகம், காதில் செல்போன் வைத்த முகம். நடுவில் தபால்தலை அளவுக்குத் தியேட்டர்.

அந்த முப்பத்திரண்டில் போன வருசம் உள்ளே வந்தவை இரண்டு. ஒன்று பாஸ் கேட்டு வந்தது. இன்னொன்று, கரண்ட் இல்லாத மத்தியானத்தில் ஜெனரேட்டரில் ஓடும் ஃபேன் காற்றுக்குத் தூங்க வந்தது.

இன்று மேட்னி. நானூற்றுப் பன்னிரண்டு சீட்டும் நிறைந்து, ஓரத்திலும் நிற்கிறார்கள்.

போன ஞாயிறு இதே மேட்னிக்கு ஒன்பது பேர். பத்துப் பேர் சேராமல் மெஷினைப் போடுவதில்லை. பத்தாவது டிக்கெட்டை அவளே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது.

யாரும் திரையைப் பார்க்கவில்லை. திரைக்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே படம் பிடித்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவர் செல்போனில் கிரிக்கெட் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் செல்போனில் இதே படத்தைப் பார்த்தார். திரையைவிட அரை மணி நேரம் முன்னால் போய்விட்டிருந்தார்.

"வில்லன் இவன் மச்சான்தான்வே," என்று வரிசைக்கே சொல்லிக் கொடுத்தார்.

இடைவேளையில் ஏழெட்டுப் பேர் மெஷின் ரூமுக்கு ஏறி, புரொஜெக்டருக்கு மாலை போட்டார்கள். இழவு வீட்டுக்கு வாங்குகிற சம்பங்கி மாலை. ஈரம் சொட்டியது. ஆபரேட்டர் சங்கிலி, துடைக்க ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். மெஷின் ஓட்டுவது, போஸ்டர் ஒட்டுவது, பெருக்குவது, மூன்றும் அவர்தான்.

"நல்லா அழுங்கய்யா. கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க."

கேன்டீனில் முறுக்கு தீர்ந்துபோனது. நாலு வருசத்தில் முதல் தடவை.

படம் விட்டதும் வெளிவாசலில் போய் நின்றாள். ஒவ்வொருவராக வந்து கும்பிட்டார்கள். ஒருவர் மட்டும் ஒற்றைக் கையால் கும்பிட்டார். இன்னொரு கையில் சீட்டு நம்பர் தகடு. எஃப் பதினாலு.

"ஒரு நினைவுக்குத்தான்க்கா."

சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார்.

உள்ளே போய்ப் பார்த்தாள்.

சிவப்புத் திரைச்சீலையில், பூக்காரியிடம் வாங்குவதுபோல, முழம் முழமாக வெட்டி எடுத்திருந்தார்கள். இருபத்தி மூன்று சீட்டுக்கு நம்பர் இல்லை. காலடியில் கடித்துப் போட்ட சமோசா, சம்பங்கி, அதற்கு மேல் எச்சில். ஒரு குழந்தையின் டயப்பரைச் சுருட்டி முதல் வகுப்பில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சுவரில் யாரோ கரியால் 'உன்னை மறக்க மாட்டோம்' என்று எழுதி, கீழே வெற்றிலைச் சாறு துப்பியிருந்தார்கள்.

மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்தாள். ஆறு மணி ஆட்டத்துக்கு வரிசை பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிருந்தது. அண்ணாச்சி இன்னும் வாசலில்தான் நின்றார். மூக்குச் சிந்திய கையை ஃபிளெக்ஸில் துடைத்தார்.

"ஊருக்கு எவ்வளவு பாசம் பாத்தியா? காலைல பத்தர. மறந்துராத. மழைக்கு முன்னால சீட்டையெல்லாம் பேத்துப் போட்டுரணும்."

அவர் தோளுக்கு மேலே அவர் கடை தெரிந்தது. வாசலை மறைத்துக் கட்டிய பேனர்.

கடையைக் காலி செய்கிறோம். இன்னும் மூன்றே நாட்கள்.

வெயிலில் வெளுத்துப்போய் இரண்டு தடவை பேனரை மாற்றியாகிவிட்டது. மூன்று நாள் மட்டும் ஒன்பது வருசமாக அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து ஓடி வந்த கூட்டத்தில்தான் வியாபாரம் பெருத்து, குடம் அடுக்க இடமில்லாமல் போனது.

தினமும் கண்ணில் படுகிற பேனர்தான். இன்றைக்கு எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

பெட்ரோல் பங்க் வரைக்கும் போன வரிசையை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"சங்கிலியண்ணே, 'இன்றே கடைசி' சீட்டு இன்னும் எத்தனை கெடக்கு?"

"ஒரு கட்டு கெடக்கும்மா. வெந்நி அடுப்புக்கு ஆகும்."

"அடுப்புல வைக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் கேட்டுல ஒட்டணும்."

சங்கிலி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"என்ன படம்மா?"

"எதையாவது போடுங்க. நம்பர் தகடு மட்டும் அம்பது அடிக்கச் சொல்லிருங்க. ஸ்க்ரூவ ரொம்ப முடுக்க வேண்டாம்."

அண்ணாச்சி பக்கத்தில் வந்தார்.

"அப்போ பத்தரைக்கு?"

"நாளைக்கு வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "இன்னும் மூணே நாள்."

அண்ணாச்சி மெல்லத் திரும்பித் தன் கடையைப் பார்த்தார்.

அழுகை நின்றுவிட்டது.